உடைந்த விரலுக்குக் கொடுத்த காசு

ஹாங்காங்கில் ஹாலிவுட் ரோட்டிலிருந்து படி இறங்கினால் ஒரு சந்து வரும். பெயர்ப் பலகையில் அப்பர் லஸ்கர் ரோ என்று இருக்கும். சுற்றுலா வருபவர்களுக்கு அது கேட் ஸ்ட்ரீட். உள்ளூர்க்காரர்கள் கன்டனீஸில் மோலோ தெரு என்பார்கள். கப்பல்களில் வேலை பார்த்த இந்திய லஸ்கர்கள் ஒரு காலத்தில் அங்கே தங்கியிருந்ததால் வந்த பெயராம். மோலோ என்பது நம் ஆட்களை அவர்கள் குறிப்பிட்ட சொல். அவ்வளவு மரியாதையான சொல் இல்லை. அந்தச் சந்தில்தான் 2010 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, 1,800 ஹாங்காங் டாலர் கொடுத்து ஒரு ‘சிங் காலத்து’ மூங்கில் குவளையை வாங்கினேன். சிங் என்பது சீனத்தின் கடைசி அரச வம்சம். விலை அன்றைய கணக்கில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்.

எழுதுகிற தூரிகைகளைப் போட்டு வைக்கும் குவளை அது. கன்டனீஸில் பத்துங். மாண்டரினில் பீதோங். அன்று இரவு ஊருக்கு ஃபோன் போட்டு அந்த மாண்டரின் பெயரைச் சொன்னபோது, “சாப்பிடற நேரத்துல என்னடா பேரு இது” என்றார் அம்மா.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம். பைன் மரத்தடியில் இரண்டு கிழவர்கள் காய் நகர்த்தி விளையாடுகிறார்கள், பக்கத்தில் ஒரு சிறுவன் குந்தி உட்கார்ந்து தேநீர் அடுப்புக்கு விசிறுகிறான். சிறுவனின் ஆள்காட்டி விரல் நுனி உடைந்திருந்தது. கடைக்காரர் அதைத்தான் எனக்குக் காட்டினார். “பார், பழசு. புதுசு என்றால் உடைந்திருக்குமா?” நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. போலி செய்கிறவன் விரலை ஏன் உடைக்கப் போகிறான்?

இரண்டு மாதம் கழித்து அதே சந்தில் வேறொரு கடை. தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளில் மாவோ கடிகாரம், எனாமல் குவளை, பித்தளைத் தவளை எல்லாம் கிடந்தன. நடுவில் மூன்று மூங்கில் குவளைகள் வரிசையாக நின்றன. பைன் மரம், கிழவர்கள், விசிறும் பையன். குனிந்து விரலைப் பார்த்தேன். மூன்றிலும் அதே நுனி, அதே கோணத்தில் உடைந்திருந்தது.

யாரோ ஒரு நிஜமான பழைய குவளைக்கு அச்சு எடுத்து, அதில் பிசின் ஊற்றி வார்த்திருக்கிறார்கள். விரல் உடைந்தது அசலில். அந்த அசல் எங்கேயோ ஒரு மேசையில் இன்னும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது எல்லாம் தெரிந்தது. வாங்குவதற்கு முன் பார்த்திருக்க வேண்டிய இடங்கள் இவைதான். மூங்கிலைக் குறுக்கே வெட்டினால் நார்க்கட்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். தோல் பக்கம் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக விலகும். குவளையின் விளிம்பு குறுக்கு வெட்டுதானே, அங்கே அந்தப் புள்ளிகள் இருந்தே ஆகவேண்டும். உடம்பில் அதே நார்கள் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகளாக ஓடும். ஆழமாகச் செதுக்கிய பள்ளத்தில் கோடுகளின் நெருக்கம் குறையும். என்னுடையதில் விளிம்பு சாக்லேட் மாதிரி வழவழவென்று இருந்தது. உடம்பில் கோடுகள் இருந்தன, ஆனால் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே நெருக்கம். உள்ளே அடிப்பகுதியில் ஊசிமுனை அளவுக்கு இரண்டு காற்றுக் குமிழிகள். அடியும் சுவரும் இணைந்த இடமே இல்லை. நிஜக் குவளையில் மூங்கிலின் கணுவே அடித்தட்டாக இருக்கும், அல்லது தனியாக ஒரு மரத்துண்டைப் பொருத்தியிருப்பார்கள்.

சூடான ஊசியால் குத்திப் பார்த்தால் பிசின் வாடை வரும் என்று சிலர் சொல்வார்கள். எந்தக் கடைக்காரர் விடுவார்? பொருள் நிஜமாக இருந்துவிட்டால் அந்த ஓட்டைக்கு யார் பதில் சொல்வது? பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் போதும்.

இதோடு விட்டிருப்பேன். விடாததற்குக் காரணம் ஒரு சீன எழுத்துக்கலை வகுப்பு. எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்துச் சமூகக் கூடத்தில் சனிக்கிழமை காலையில் நடக்கும். மனைவியின் தோழி போகிறாள் என்று என் மனைவி சேர்ந்தாள். மூன்றாவது வாரம் அவள் நின்றுவிட்டாள், கட்டிய பணத்துக்காக நான் போக ஆரம்பித்தேன். ஆசிரியைக்கு எழுபதைத் தாண்டிய வயது. ஆசிரியர்களை அங்கே லோசீ என்று கூப்பிடுவார்கள்; எனக்கும் அவர் லோசீதான். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குக் கன்டனீஸ் அதைவிடக் கொஞ்சம்.

குவளையைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன், திட்டு வாங்கத் தயாராக. செதுக்கலை அவர் பார்க்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார். உள்சுவர் முழுக்கக் கறுப்பு மைக்கறை. நான் அதையும் பழமையின் அடையாளம் என்றுதான் நினைத்திருந்தேன். “உன் தூரிகையை எழுதி முடித்ததும் எங்கே வைப்பாய்?” என்று கேட்டார். இந்தக் குவளையில்தான், கழுவிவிட்டு, முடி மேலே பார்க்க, என்றேன்.

திட்டு அதற்குத்தான் விழுந்தது. ஈரத் தூரிகையை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் கீழே இறங்கி, முடிக்கற்றையைக் காம்போடு பிடித்திருக்கும் பசையில் ஊறும். ஒரு வருடத்தில் முடி கொட்டிவிடும். கழுவிய தூரிகையை முனை கீழே தொங்கும்படி கொக்கியில் மாட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் குவளைக்குப் போகும். அப்படியென்றால் குவளைக்குள் போவது கழுவிக் காய்ந்த தூரிகை. ஒன்றிரண்டு துளி தெறித்திருக்கலாம், ஆனால் உள்சுவர் முழுக்கக் கரேலென்று ஆக வழியே இல்லை. கறையைப் பூசியவருக்குத் தூரிகையைப் பற்றித் தெரியாது, வாங்கிய எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த பதினைந்து வருடத்தில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு வழியில்தான். பொருள் என்ன வேலை செய்தது என்று முதலில் தெரிந்துகொள்வேன். வேலை செய்த இடத்தில் தேய்மானம் இருக்கிறதா, வேலை இல்லாத இடத்தில் இல்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். காலம், பெயர், விலை எல்லாம் அதற்கப்புறம்.

படிப்பாளியின் மேசை என்று சீனர்கள் சொல்வதில் நான்கு பொருட்கள் அடிப்படை: தூரிகை, மைக்கட்டி, காகிதம், மைக்கட்டியை நீர்விட்டு உரைக்கும் மைக்கல். இவை இல்லாமல் எழுத முடியாது. இவற்றைச் சுற்றி ஒரு பெரிய கூட்டம். தூரிகைக் குவளை, எழுதும்போது நடுவில் தூரிகையைச் சாய்த்து வைக்க ஐந்து சிகரம் கொண்ட குட்டி மலை, கழுவும் கிண்ணம், மைக்கல்லில் சொட்டுச் சொட்டாக நீர்விடும் சொட்டுக்கலம், காகிதத்தின் மேல் வைக்கும் பாரம், முத்திரைக்கல், அதற்கான சிவப்புப் பசைச் சிமிழ், மணிக்கட்டுத் தாங்கி. தேர்வு எழுதி அதிகாரியான நாடு அது. எழுத்து மேசைதான் கௌரவம். மிங் ஆட்சியின் பின்பகுதியில், 16, 17ஆம் நூற்றாண்டுகளில், யாங்ட்ஸே ஆற்றின் தெற்குப் பக்க ஊர்களில் பணம் பெருகியபோது இந்தச் சில்லறைப் பொருட்களுக்கென்றே பெயர் பெற்ற சிற்பிகள் வந்தார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மணிக்கட்டுத் தாங்கி. மூங்கில் குழாயை நீளவாக்கில் பிளந்து எடுத்த ஓர் ஓடு, அவ்வளவுதான். முதலில் பார்த்தபோது எதற்கென்றே புரியவில்லை. பழைய முறையில் மேலிருந்து கீழாக எழுதி, அடுத்த வரிசைக்கு இடப்பக்கம் நகர்வார்கள். அதனால் வலது கை எப்போதும் எழுதி முடித்த ஈர வரிசையின் மேலேயேதான் கிடக்கும். அகலமான சட்டைக் கை வேறு. தமிழ் எழுதும் நமக்கு அந்தத் தொல்லை இல்லை; இடதுகைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஓட்டைக் கவிழ்த்துக் காகிதத்தின் மேல் வைத்து அதன் முதுகில் கையைச் சாய்த்தால் மை கலையாது. வெயில் காலத்தில் வியர்வையும் காகிதத்தில் படாது.

லோசீ தன்னுடைய தாங்கியை ஒரு மாதம் எனக்குக் கொடுத்தார். எந்தச் செதுக்கலும் இல்லாத மொட்டை மூங்கில். அந்த மாத முடிவில் அது எங்கே தேயும் என்று என் கைக்கே தெரிந்தது. கீழே இரண்டு நீள விளிம்புகள் மேசை விரிப்பில் உரசும். மேலே, என் பக்கம் இருக்கும் முனையை ஒட்டி, மணிக்கட்டு எலும்பு உட்காரும் இடம் வழுக்கும். தூரத்து முனையைக் கை தொடுவதே இல்லை. முதுகில் புடைப்பாகச் செதுக்கியிருந்தால் கை வலிக்கும். அதனால்தான் நல்ல தாங்கிகளில் முதுகில் மெல்லிய கீறல்தான் இருக்கும். ஆழமான வேலையைக் காட்ட நினைத்தவர்கள் அதை உள்குழிவில் செதுக்கினார்கள், தந்தத் தாங்கிகளில் அப்படி நிறையப் பார்க்கலாம். முதுகில் டிராகன் புடைத்துக்கொண்டு நிற்கும் தாங்கி எழுதுவதற்காகச் செய்தது இல்லை.

2012இல் ஒரு பழைய மரச்சாமான் கடையில், நாற்காலி பார்க்கப் போன நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். ஒரு மேசை இழுப்பறையில் சாவிகளோடு ஒரு தாங்கி கிடந்தது. முதுகில் ஒரு கவிதை வரி, செங்குத்தாக. கையெழுத்து இல்லை, தேதி இல்லை, ஒரு மூலையைப் பூச்சி தின்றிருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். மேலே முதல் எழுத்துகள் கூர்மையாக இருந்தன, கத்தி உள்ளே நுழைந்து வெளியேறிய முனைகூடத் தெரிந்தது. கீழே வர வர மங்கியது. கடைசி எழுத்துகளைத் தடவித்தான் படிக்க முடிந்தது, அதுவும் லோசீக்கு. எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. மணிக்கட்டு உட்கார்ந்த இடம். யாரோ வருடக்கணக்கில் அந்தக் கவிதையின் வாலைத் தன் கையால் அழித்திருக்கிறார்கள்.

கடைக்காரர் அதைக் குறையென்று நினைத்து, நான் கேட்காமலே 300 டாலர் குறைத்தார். 2,200க்கு வாங்கினேன். வாயைத் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மெருகு பற்றிக் கொஞ்சம். சீனத்தில் இதற்குப் பாவ்ஜியாங் என்று ஒரு சொல் உண்டு, பொருளின் மேல் ஒரு பாகு போர்த்தியது போல என்று அர்த்தம் வரும். கை எண்ணெய், தூசி, காற்று எல்லாம் சேர்ந்து வருவது. புது மூங்கில் வெளிறியிருக்கும், அப்புறம் தேன் நிறம், பிறகு செம்பழுப்பு. நம் வீட்டுப் பழைய அரிவாள்மனைப் பலகையிலும் உலக்கையின் நடுவிலும் அந்த மினுமினுப்பைப் பார்த்திருப்பீர்கள். உலக்கை பிடிக்கிற இடத்தில்தானே மின்னும், முனையிலா மின்னும்? இங்கேயும் அதே கதைதான். குவளையில் கை படும் மேடுகள் மின்ன வேண்டும், பள்ளங்கள் மங்கலாக இருக்க வேண்டும், உள்சுவர் வெளியை விட வெளிறியும் வறண்டும் இருக்க வேண்டும். சாயம் போட்டதில் எல்லா இடமும் ஒரே நிறம். டீ டிகாஷன், ஷூ பாலிஷ், பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று எதெல்லாமோ போடுகிறார்கள். லேசாக ஈரம் செய்த வெள்ளைப் பஞ்சால் அடியில் ஓரிடத்தில் துடைத்தால் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். முகர்ந்தும் பார்க்கலாம். ஷூ பாலிஷ் வாடை பல மாதம் போகாது. கடையில் பொருளை முகர்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சிற்பியின் கையெழுத்து இருந்தால் அசல்தான் என்ற என் மூடநம்பிக்கை உடைந்தது ஷாங்காயில், 2013இல். அலுவலக வேலையாகப் போனவன் இரண்டு நாள் விடுப்பு சேர்த்துக்கொண்டேன். மூங்கில் சிற்பத்தின் ஊர் ஜியாதிங். முன்பு தனி ஊர், இப்போது ஷாங்காயின் ஒரு மாவட்டம், மெட்ரோ 11ஆம் பாதையில் போய்விடலாம். மிங் காலத்தில் அங்கே ஜூ ஹெ, அவர் மகன் ஜூ யிங், பேரன் ஜூ ஜிஜெங் என்று மூன்று தலைமுறை இருந்தார்கள். மூன்று ஜூக்கள் என்றே சொல்வார்கள். பேரனுக்கு சான்சோங், மூன்று பைன் மரம், என்று புனைபெயர். ஜியாதிங் மூங்கில் செதுக்கலை 2006இல் சீன அரசு தன் மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. பழைய தெருவில் அதற்கென்றே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

அதுவரை ஹாங்காங்கில் நான் சான்சோங் கையெழுத்துப் போட்ட குவளைகளை இருபதாவது பார்த்திருப்பேன். மனுஷன் தூங்கவே இல்லையோ என்று நினைத்ததுண்டு. விஷயம் என்னவென்றால், அவர்கள் பெயர் புகழ்பெற்றதும் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சிலர் ஏமாற்ற, சிலர் மரியாதைக்கு. போலிப் பெயர் போட்ட குவளைக்கே இருநூறு வயது இருக்கலாம்.

ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றுக்கு மட்டும் அந்தச் சந்தேகம் கிடையாது. 1966இல் பாவ்ஷான் பகுதியில் மிங் காலத்துத் தம்பதி ஒருவரின் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்தது. மகன் ஜூ யிங்கின் கையெழுத்துள்ள ஊதுபத்திக் குழல். கட்டை விரலை விடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் உயரம்கூட இல்லை. மூலிகை பறிக்க மலைக்குப் போன லியூ, ருவான் என்ற இரண்டு பேர் தேவப் பெண்களைச் சந்தித்து அரை வருடம் தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பினால், ஏழு தலைமுறை கடந்துபோயிருக்கிறது. அந்தக் கதையைச் சுற்றிலும் துளைத்துச் செதுக்கியிருக்கிறார். உள்ளே ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தால் பாறைகளின் இடுக்கிலிருந்தும் மரத்துக்குப் பின்னாலிருந்தும் புகை வரும். அந்தத் துளைகள் அழகுக்கு மட்டும் போட்டவை இல்லை. மலையில் மூடுபனி வேண்டும், அதற்காகப் போட்டவை.

அவர்களுக்கு அப்புறம் சிங் வம்சத்து காங்ஷி மன்னர் காலத்தில் வந்த வூ ஜிஃபான் வேறு மாதிரி. குவளையில் ஒரு பக்கம் மட்டும் ஓர் உருவத்தை மெல்லிய புடைப்பாக விட்டு, மீதியைச் சும்மா வழித்துவிடுவார். பாதிக்கு மேல் வெற்றிடம். வழித்த தரையில் மூங்கில் நாரே தண்ணீர்க் கோடு மாதிரி தெரியும். வாங்குகிறவர்களுக்கு இது உதவும். மலிவுச் சரக்கில் வெற்றிடமே இருக்காது. மரம், மேகம், பாலம், கொக்கு என்று அடைத்துவிடுவார்கள். இப்போது கணினி இயந்திரம் வேறு செதுக்குகிறது. லென்ஸில் பார்த்தால் பள்ளங்களின் அடி எல்லாம் ஒரே உருண்டையாக, ஒரே அகலத்தில் இருக்கும். கத்தி அப்படிப் போகாது. ஒரு பக்கம் ஆழமாக இறங்கி மறுபக்கம் நழுவும்.

அங்கே ஒரு பட்டறையில் உயிரோடு இருக்கும் ஒரு சிற்பியிடம் புத்தம்புதுத் தாங்கி ஒன்று வாங்கினேன். இந்தத் துறைக்கு வருகிற யாரும் முதல் காசை இப்படிச் செலவு செய்யட்டும் என்பேன். புதிதாக வெட்டிய விளிம்பு எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குப் பழைய விளிம்பு எப்படித் தெரியும்? அது பச்சைத் தோலை விட்டுச் செதுக்கும் வகை. மூங்கிலின் வெளித்தோலை ஓவியத்துக்கு மட்டும் விட்டு, மற்ற இடத்தைச் சீவி எடுத்துவிடுவார்கள். முதலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம். வருடங்கள் போகப் போகத் தரை கறுத்துக்கொண்டே வரும், தோல் மஞ்சளாகவே நிற்கும். படம் மெதுவாகத் தெளியும். என்னுடையதில் மூங்கில் இலைகள் இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கின்றன.

மூங்கிலைக் குளிர்காலத்தில் வெட்டி, கொதிக்க வைத்து, நிழலில் வருடக்கணக்கில் காயப்போடுவார்களாம். கொதிக்க வைப்பது உள்ளே இருக்கும் சர்க்கரையை எடுக்க, இல்லாவிட்டால் பூச்சி வரும். இதைக் கேட்டபோது தலையாட்டினேன், முழுதாகக் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் என் பழைய தாங்கியின் கீழே ரவை சலித்தது போல மாவு. மூலையில் பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று. பதற்றத்தில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்றுகூட யோசித்தேன். அருங்காட்சியகங்கள் செய்வது ஃப்ரீசர். டிஷ்யூவில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை எடுத்து மூடி, இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு முழுநாள், அப்படியே விட வேண்டும். இல்லையென்றால் பொருளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். இரண்டு வாரம் அந்தக் கவிதை வஞ்சிர மீனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. என் மனைவி அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

பூச்சி பரவாயில்லை என்று ஆக்கியது வறட்சி. 2014இல் ஒரு சின்ன ஏலத்தில் 9,000 டாலருக்கு ஒரு நிஜமான குவளை எடுத்திருந்தேன். பெயரில்லாதது, 19ஆம் நூற்றாண்டு என்று போட்டிருந்தார்கள். விளிம்பில் நார்ப்புள்ளிகள், அடியில் கணு, மூன்று குட்டிக் கால்கள் தேய்ந்து வழவழப்பாக. எல்லாம் பார்த்து, லோசீயிடமும் காட்டி வாங்கியது. ஹாங்காங்கில் வசந்த காலத்தில் சுவர் வியர்க்கும், அதனால் வீட்டுக்கு வீடு ஈரம் உறிஞ்சும் மெஷின் உண்டு. எங்கள் வீட்டில் அது புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் ஓடும். ஜனவரியில், வெளியிலும் வறண்ட காற்றடிக்கும் மாதத்தில், யாரோ அதை அணைக்க மறந்துவிட்டோம். ராத்திரி டப் என்று ஒரு சத்தம். கடலை உடைகிற மாதிரிதான், பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பார்த்தால் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு நேர்க்கோடாகப் பிளவு.

பசை வைக்கலாமா என்று லோசீயைக் கேட்டேன். கூடாது என்றார். மூங்கில் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். பிளவை அடைத்துவிட்டால் அது விரிய இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும். விட்டுவிடு, ஈரக் காற்று வந்தால் தானே மூடும். ஏப்ரலில் மூடியது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அலமாரியில் ஈரப்பதமானி ஒன்று வைத்து 50க்கும் 60க்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். குறைந்தால் ஒரு கிண்ணம் தண்ணீர், அவ்வளவுதான். எண்ணெய் தடவுவது, வால்நட் தேய்ப்பது எல்லாம் செய்யாதீர்கள். தூசி ஒட்டிக்கொள்ளும், மெருகு பிசுக்காகிவிடும்.

மரக் குவளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2015 வசந்தத்தில் ஒரு கடையில் கனமான, கறுப்போடிய ஊதா நிறக் குவளை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். செதுக்கல் எதுவும் இல்லை. ட்ஸித்தான் மரம், அரண்மனைக்குப் போகிற மரம் என்றார் கடைக்காரர். எங்கே விளைகிறது என்று கேட்டேன். “இந்தியா,” என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல. ஃபோனில் தாவரப் பெயரைத் தேடினேன். செம்மரம். நம் கிழக்குத் தொடர்ச்சி மலையில், சேஷாசலம் காட்டில் நிற்கும் அதே செஞ்சந்தனம். 2000இல் சீனம் வெளியிட்ட மரத் தரக் குறிப்பில் ட்ஸித்தான் வகையில் இந்த ஒரு மரம்தான் இருக்கிறது. அந்த ஏப்ரல் 7ஆம் தேதிதான் சேஷாசலத்தில் மரம் வெட்டப் போனதாகச் சொல்லி, தமிழகத்துக் கூலித் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றிருந்தது. செய்தி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் குவளை பழையதுதான், அந்த மரம் எப்போதோ போனது, என் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரியும். ஆனாலும் கையில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அடியில் துடைத்தால் செம்மரம் ஆரஞ்சுச் சிவப்பாக நிறம் விடும். ஆனால் இதன் ஆப்பிரிக்க உறவுக்கார மரம் ஒன்றும் அதே போல நிறம் விடும், சந்தையில் அதுதான் அதிகம் நடமாடுகிறது. அதனால் அந்தச் சோதனை ‘இது இல்லை’ என்று சொல்லத்தான் உதவும், ‘இதுதான்’ என்று சொல்ல உதவாது.

தந்தத்தைத் தொடவே தொடாதீர்கள். பழையதாகவே இருந்தாலும். சீனம் 2017 முடிவில் உள்நாட்டுத் தந்த வணிகத்தையே நிறுத்திவிட்டது. ஹாங்காங்கில் 2021 டிசம்பர் 31 முதல் தடை, 1925 ஜூலைக்கு முந்திய பழம்பொருளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கு ஒரு நாட்டு எல்லைக்குள்தான். எல்லை தாண்டினால் வேறு கதை. காண்டாமிருகக் கொம்பும் அப்படித்தான். யாராவது ‘மாட்டெலும்பு’ என்று சொல்லித் தந்தத்தையும், தந்தமென்று சொல்லி மாட்டெலும்பையும் விற்பார்கள். இரண்டு விதத்திலும் நமக்குத்தான் நஷ்டம்.

அதேபோல, பெய்ஜிங்கிலோ ஷாங்காயிலோ ஒரு கடையில் ‘மிங் காலம், வீட்டுக்கே அனுப்பிவைக்கிறோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 1911க்கு முந்திய பொருட்கள் பொதுவாகச் சீன நிலப்பரப்பை விட்டு வெளியே போகக்கூடாது. அப்படியானால் பொருள் பொய், இல்லை கடத்தல். முன்பு அரசே பார்த்து ஏற்றுமதிக்கு விட்ட பழம்பொருட்களில் சிவப்பு அரக்கு முத்திரை ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் மயங்க வேண்டாம். அரக்கை உருக்கி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

2019இல் கோயம்புத்தூருக்குத் திரும்பி வந்தோம். ரசீதுகளையும் ஏல அட்டவணைப் பக்கத்தையும் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டேன். தாங்கி இப்போதும் வேலை செய்கிறது. லோசீ கற்றுக்கொடுத்த எழுத்துகளில் பாதி மறந்துவிட்டது, மீதியை ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்ப்பேன். கவிதையின் வாலைக் கூட்டாக அழித்துக்கொண்டிருக்கிறோம், முகம் தெரியாத அவரும் நானும். பிசின் குவளை மகளின் மேசையில் ஸ்கெட்ச் பேனாக்களோடு நிற்கிறது. வாரம் ஒருமுறை சோப்பு போட்டுக் கழுவுகிறாள், அதற்கு ஒன்றும் ஆவதில்லை.

நிஜக் குவளைக்குத்தான் கோவை வெயில் ஒத்துவரவில்லை. பங்குனியில் பிளவு திறக்கும், ஐப்பசி மழைக்கு மூடும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்ப்பது வழக்கம். இந்த வருடம் இரண்டு கார்டு நுழைந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக மாற்றியிருக்கிறேன்.